காற்று கொட்டிய மண்ணில் காந்தம்: கடிகாரமா, மழைமானியா?

கேள்வி, ஜூலை 4

“காற்று பலமாக அடித்தால் கனமான இரும்புத் துகளையும் தூக்கி வரும். அப்படியானால் காற்று குவித்த தூசான லோயஸ் மண்ணில் எந்த அடுக்கில் காந்தம் அதிகமோ அதுதான் பெருங்காற்றுக் காலம், அதாவது பனியுகம். பூமியின் காந்தத் துருவம் தலைகீழாக மாறிய தடயமும் அதே மண்ணில் இருப்பதால் வயதும் கையோடு கிடைத்துவிடுகிறது. இவ்வளவு எளிய விஷயத்தில் நாற்பது வருடமாக என்ன சண்டை?”

ஜூலை 4, இரவு 10.20

பாதி சரி. ஆனால் சீனாவில் நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர். லோயஸ் என்றாலே எல்லோரும் காட்டுவது சீனாவைத்தான் என்பதால் பாதித் தவறும் பெரிய தவறாகிவிடுகிறது.

வட சீனாவின் ஷான்சி மாகாணத்தில் லுவோசுவான் என்று ஓர் ஊர். அங்கே ஓடை அரித்த பள்ளத்தின் சுவர்களில், காற்று கொட்டிய தூசு ஏறத்தாழ 135 மீட்டர் தடிமனுக்கு அடுக்கடுக்காகத் தெரிகிறது. மஞ்சள் பட்டை, செம்பழுப்புப் பட்டை, மறுபடி மஞ்சள். மஞ்சள் என்பது பனியுகத்தின் வறண்ட குளிரில் வடமேற்குப் பாலைகளிலிருந்து வந்து குவிந்த தூசு. செம்பழுப்பு என்பது மழை கூடி, தூசு குறைந்து, புல் முளைத்து, அந்தத் தூசே மண்ணாக மாறிய காலம். இதைத் தொல்மண் என்கிறோம். காற்று பலமாக அடித்தது மஞ்சள் காலத்தில். காந்தம் அதிகம் இருப்பதோ செம்பழுப்பில். இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் சர்வ சாதாரணம்.

இன்னொன்று. ‘காந்தம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளை மூட்டை கட்டியிருக்கிறீர்கள். மண்ணை ஒரு சிறிய காந்தப்புலத்தில் வைத்தால் அது எவ்வளவு இணங்குகிறது என்பது ஒன்று. அது ஏற்புத்திறன். வெறும் அளவு, திசை கிடையாது. புலமே இல்லாவிட்டாலும் மண் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் எஞ்சிய காந்தம் இன்னொன்று. அதற்குத் திசை உண்டு. மண் இறுகிய நாளில் காந்த வடக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை அது சொல்லும். பருவநிலைக்கு முதலாவது, வயதுக்கு இரண்டாவது.

மீதி நாளை. காலையில் ஆறாம் வகுப்புக்குக் காந்தப் பாடம் வேறு இருக்கிறது, உண்மையாகவே.

ஜூலை 4, இரவு 10.45

விட்டுப்போனது: மேலிருந்து கீழாக மஞ்சள் அடுக்குகளுக்கு எல்-1, எல்-2 என்றும் தொல்மண்களுக்கு எஸ்-1, எஸ்-2 என்றும் எண் போடுவார்கள். இப்போது நாம் உழுகிற மேல்மண் எஸ்-0. கீழே நிறைய வரப்போவதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஜூலை 5, மாலை

தொல்மண்ணில் ஏன் காந்தம் அதிகம்? சண்டையில் முதல் பாதி இதுதான்.

சூரிக்கிலிருந்து ஃப்ரீட்ரிக் ஹெல்லரும் சீனாவின் லியூ துங்ஷெங்கும் சேர்ந்து லுவோசுவான் மண்ணின் காந்தத் திசைகளை 1982ல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஏற்புத்திறன் வரைபடத்தை, பனியுகங்கள் வந்துபோனதைக் காட்டும் கடலடிப் படிவுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு மேடும் ஒரு பள்ளமும் தவறாமல் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கின. ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம், மழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போனதால் மிச்சமிருந்த இரும்பின் விகிதம் கூடியது என்பது.

1988ல் ஜார்ஜ் குக்லா வேறு கதை சொன்னார். வானத்திலிருந்து காந்தத் துகள் எப்போதும் ஒரே சீராக விழுகிறது. பனியுகத்தில் சாதாரணத் தூசும் கொட்டுவதால் அது நீர்த்துப்போகிறது. முந்திரி அதே பத்துதான், பாயசம் மட்டும் ஒரு படியா இரண்டு படியா என்பதில் வித்தியாசம். அழகான யோசனை. அழகு எங்கே என்றால், இது உண்மையானால் ஏற்புத்திறனைக் கூட்டிக்கொண்டே போனாலே வருடக் கணக்கு வந்துவிடும். பருவநிலைமானியே கடிகாரமும் ஆகிவிடும்.

அதைக் கவிழ்த்தது நுண்துகள். 1990, 91 வாக்கில் சோ லீபிங்கின் குழு ஒரு பக்கம், பார்பரா மாஹரும் ராய் தாம்சனும் இன்னொரு பக்கம், தொல்மண்ணில் இருக்கும் கூடுதல் காந்தம் காற்றில் வந்ததே அல்ல என்று காட்டினார்கள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனையும் மண்ணுக்குள்ளேயே மாக்னடைட், மாக்ஹெமைட் என்ற காந்த இரும்புத் தாதுக்கள் புதிதாக விளைகின்றன. துகள்கள் 30 நானோமீட்டருக்கும் கீழே. அவ்வளவு பொடியானதைக் காற்று தனியாகச் சலித்துக் கொண்டுவந்து கொட்ட வேண்டிய அவசியமில்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரே மண்ணை இரண்டு அதிர்வெண்களில் அளக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த பார்ட்டிங்டன் கருவியில் 465 ஹெர்ட்ஸ் ஒன்று, அதைப்போல் பத்து மடங்கு இன்னொன்று. பொடித்துகள் மெதுவான புலத்துக்கு ஈடு கொடுத்து ஆடும், வேகமான புலத்தில் மூச்சு வாங்கும். அதனால் வேக அளவீட்டில் எண் குறைந்தால் உள்ளே பொடித்துகள் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல தொல்மண்ணில் 10 சதவீதம் வரை குறையும். மஞ்சள் லோயஸில் அதில் பாதி கூட இருக்காது.

முதல் வாரம் என் எண்கள் மதியத்துக்கு மேல் மட்டும் ஏறிக்கொண்டே போயின. சாப்பிட்டு வந்தபின் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது காரணம். என் பெல்ட்டின் பக்கிளையும் சேர்த்து அளந்திருக்கிறேன். காலையில் நின்றுகொண்டு செய்தவை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

ஜூலை 5, இரவு

இப்போது உங்களுக்கு நல்ல செய்தி. அலாஸ்காவில் நீங்கள் சொன்னதுதான் சரி.

ஃபேர்பேங்ஸ் பக்கம் லோயஸின் மூலம் பாலைவனம் இல்லை, பனியாறுகள் அரைத்து ஆற்றுப்படுகையில் விட்ட மாவு. தூசு கிளம்பும் இடமும் விழும் இடமும் பக்கத்துப் பக்கத்தில். பனியுகக் காற்று கனமான மாக்னடைட் துகள்களையும் அள்ளி வந்தது. அதனால் அங்கே லோயஸில் காந்தம் அதிகம், தொல்மண்ணில் குறைவு. சைபீரியாவின் சில இடங்களிலும் இதே கதை. இன்னொரு காரணமும் சேர்கிறது. குளிர்ந்து நீர் தேங்கிய மண்ணில் காற்றோட்டம் இல்லாமல் மாக்னடைட் கரைந்துபோகும். அதாவது தொல்மண் புதிதாக ஒன்றையும் விளைவிக்கவில்லை, கையிருப்பையும் தொலைத்துவிட்டது. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் மண்ணிலும் பல இடங்களில் தொல்மண் அளவு குறைவுதான்.

ஆகவே “காந்தம் அதிகம் என்றால் மழை” என்றோ “காந்தம் அதிகம் என்றால் காற்று” என்றோ பொதுச் சூத்திரம் போட முடியாது. ஊர் எது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஜூலை 7

கடிகாரத்துக்கு வருகிறேன்.

1906ல் பெர்னார் ப்ரூன் பிரான்சின் எரிமலைப் பகுதியில், லாவா சுட்ட களிமண்ணின் காந்தம் இன்றைய வடக்குக்கு நேர் எதிராக இருப்பதை எழுதினார். ஜப்பானில் மொதோனோரி மதுயாமா கென்புடோ குகையின் பசால்ட்டில் அதையே பார்த்து, 1929ல் பல ஊர்ப் பாறைகளை வயதுப்படி வரிசை கட்டினார். கொஞ்சம் பழைய பாறைகள்தாம் தலைகீழாக இருந்தன. அதனால் நாம் இருக்கும் நேர்க்காலத்துக்கு ப்ரூன் பெயர், அதற்கு முந்தைய தலைகீழ்க் காலத்துக்கு மதுயாமா பெயர். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மதுயாமாவின் தொடக்கம் ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. சீன லோயஸின் அடிப்பகுதி ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. அதற்குக் கீழே செங்களிமண். அதுவும் காற்று கொண்டுவந்ததுதான். சின்ஆன் என்ற இடத்தில் காற்றுத் தூசு 2.2 கோடி ஆண்டுவரை பின்னோக்கிப் போகிறது என்று 2002ல் காட்டினார்கள், அதுவும் காந்தத்தை வைத்தே.

இந்தக் கடிகாரம் இல்லாமல் பட்டைகளை மட்டும் எண்ணினால் எத்தனையாவது பனியுகம் என்று சொல்லலாம், எத்தனை லட்சம் ஆண்டு என்று சொல்ல முடியாது. 2018ல் ஷாங்சென் என்ற இடத்தில் 21.2 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் என்று செய்தி வந்ததே, அந்த வயதும் இப்படிக் கிடைத்ததுதான். காந்த எல்லைகளுக்கு நடுவில் அடுக்குகளை எண்ணிக்கொண்டு போய் எல்-28ல் நிறுத்தினார்கள்.

ஜூலை 7, சற்று நேரம் கழித்து

திருத்தம். 7.8 என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த எண்ணே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஹெல்லர் எழுதிய காலத்தில் 7.3 லட்சம் என்றுதான் வைத்திருந்தார்கள். பொட்டாசியம் ஆர்கான் முறையில் வந்த வயது அது. 1990ல் ஷாக்கல்டன் குழு பூமியின் சுற்றுப்பாதைக் கணக்கோடு கடல் படிவுகளைப் பொருத்தி, 7.8 ஆக இருக்க வேண்டும் என்றது. இப்போது ஜப்பானின் சிபா பாறைமுகத்தில் எல்லையை ஒட்டியிருக்கும் எரிமலைச் சாம்பலை வைத்து 7.73 லட்சம் என்கிறார்கள். 2020ல் அந்த ஊர்ப் பெயராலேயே சிபானியன் என்று ஒரு காலப்பகுதியும் வந்துவிட்டது.

“வயது கையோடு கிடைத்துவிடும்” என்றீர்களே. கடிகாரத்தில் முள் இருக்கிறது. முகத்தில் எண்களை எழுதியவர்கள் அவ்வப்போது அழித்து எழுதுகிறார்கள்.

ஜூலை 8

நேரில் செய்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். செய்தேன், அசிங்கமும் பட்டேன்.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் காஷ்மீர் லோயஸில் ஒரு சின்ன ப்ராஜெக்ட். பாம்பூரில் குங்குமப்பூ விளைகிறதே, அந்தக் கரேவா மேடுகளின் மேற்போர்வையாகவும் காற்று கொட்டிய மண் உண்டு. கீழே ஏரிப் படிவுகள் பல லட்சம் ஆண்டுப் பழசு. மேலே உள்ள லோயஸ் இளசு, முழுக்க ப்ரூன் காலத்துக்குள். அதாவது எந்தச் சாம்பிளை அளந்தாலும் திசை வடக்கு, சரிவு கீழ்நோக்கி என்றுதான் வர வேண்டும். அந்த அட்சரேகையில் கீழ்நோக்கி 53 பாகை வாக்கில்.

சுவரைச் சுரண்டிச் சமப்படுத்தி, 2 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பெட்டியை உள்ளே அழுத்தி, பெட்டியின் முதுகில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று காம்பஸில் படித்து எழுதி, பிறகு கத்தியால் பெட்டியைச் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்திருந்தால் சுத்தியல் பிடியால் தட்ட வேண்டும், மூலை உடையும். மரச்சுத்தியலாக இருக்க வேண்டும். இரும்பாக இருந்ததற்கு ஏச்சு வாங்கியது தனிக்கதை.

லேபில் சுழல் காந்தமானி. ஒவ்வொரு பெட்டியையும் மாறுபுலத்தில் வைத்துப் படிப்படியாகக் கழுவ வேண்டும், கழுவிக் கழுவி அளக்க வேண்டும். பின்னாளில் ஒட்டிக்கொண்ட மேலோட்டமான காந்தம் போய், பழைய காந்தம் மட்டும் நிற்கும். நான்கு நாள் எல்லாம் ஒழுங்கு. ஐந்தாம் நாள் வரிசையாக நான்கு பெட்டிகளில் முள் மேல்நோக்கியது. கழுவக் கழுவ இன்னும் தெளிவாக மேல்நோக்கியது.

லாஷாம்ப் தெரியுமா? 41,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தம் கொஞ்ச காலம் தடம் புரண்டு திரும்பி வந்த நிகழ்வு. அதுவும் முதலில் தெரியவந்தது பிரான்சின் அதே எரிமலைப் பிரதேசத்தில். காஷ்மீரில் லாஷாம்ப் கிடைத்துவிட்டது என்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டு அம்மாவிடம் சொன்னேன். “சரிப்பா, சாப்பிட்டியா” என்றார்.

மறுநாள் ஆசிரியர் தாளைப் பார்த்தார். அரை நிமிடம்தான். “மேலே பார்க்குது, சரி. ஆனா வடக்கேயே பார்க்குதே. நிஜமா புரண்டிருந்தா தெற்கேயும் திரும்பியிருக்கணுமே” என்றார். அப்புறம் பெட்டிகளைக் கேட்டார். அந்த நான்கிலும் அம்பு தலைகீழ். டீ குடித்துவிட்டு வந்து போட்ட நான்கு பெட்டிகள் அவை.

ஜூலை 8, இரவு

இல்லை, அம்மாவிடம் திருத்தம் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை இன்றைக்கும் நான் எதையோ கண்டுபிடித்தவன்.

ஜூலை 10

சண்டையின் இரண்டாம் பாதி. எனக்கு இதுதான் உண்மையான சண்டை.

ப்ரூன் மதுயாமா எல்லை கடல் படிவுகளில் ஒரு வெப்பக் காலத்துக்குள் விழுகிறது. அப்படியானால் சீனாவிலும் அது ஒரு தொல்மண்ணுக்குள், செம்பழுப்பில் இருக்க வேண்டும். எஸ்-7 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல இடங்களில் அளந்தால் அது எஸ்-7க்குக் கீழே எல்-8ல், பனியுக மஞ்சளில் அகப்படுகிறது. பூமியின் காந்தம் உலகம் முழுக்க ஒரே சமயத்தில்தான் புரளும். கடலுக்கு வெயிலில், சீனாவுக்குக் குளிரில் என்று தனித்தனியாகப் புரளாது.

1999ல் சோ லீபிங்கும் ஷாக்கல்டனும் சொன்ன விளக்கம்: மண் விழுந்த அன்றே காந்தத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. விழுந்து, மேலே இன்னும் மண் சேர்ந்து, ஈரம் வந்து, துகள்கள் அசைந்து, புதிதாக விளைந்து, அப்புறம்தான் பூட்டுகிறது. அதற்குள் மேலே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் குவிந்திருக்கலாம். ஆக, கீழே இருக்கும் பழைய மண் பிற்காலத்துக் காந்தத்தை வாங்கிக்கொள்கிறது. எல்லை இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே பதிகிறது.

ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு காலம்? லுவோசுவானின் 135 மீட்டரை 26 லட்சத்தால் வகுத்தால் ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மீட்டர் என்பது 19,000 ஆண்டு. என்னுடைய சின்னப் பெட்டி ஒன்றே 400 ஆண்டை விழுங்கும்.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. பூட்டும் ஆழம் அவ்வளவு இருக்காது, அடுக்குகளைக் கடலோடு பொருத்தியதில்தான் பிழை, எல்-8ன் மேற்பகுதியையும் அதே வெப்பக் காலத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் நெடுநாள் அந்தக் கட்சிதான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, என் ஆசிரியர் அந்தக் கட்சி.

என்னை மாற்றியது பெரிலியம்-10. காந்தப்புலம் புரளும்போது பலவீனமாகிவிடும். அப்போது விண்வெளிக் கதிர்கள் அதிகமாக உள்ளே வந்து, வளிமண்டலத்தில் பெரிலியம்-10 அதிகமாக உண்டாகும். அது மழையோடும் தூசோடும் விழுந்து மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அது காந்தத் துகளைப் போலப் பிற்பாடு திரும்பிப் படுக்காது. 2014ல் சோ வெய்ஜியான் குழு லோயஸில் அந்த உச்சத்தைத் தேடியது. மழையால் கூடியதையும் தூசால் கூடியதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், உச்சம் எஸ்-7ல், வெப்பக் காலத்தில். கடல் சொன்ன அதே இடம். காந்த முள் மட்டும் கீழே எல்-8ல் நிற்கிறது. எனக்கு இது போதும்.

ஜூலை 11

அதே சுவரில் வீடு குடைகிறார்களே, இடியாதா என்று கேட்டவருக்கு: காய்ந்த லோயஸ் செங்குத்தாக நிற்கும். கூர்முனை கொண்ட தூசுத் துகள்கள், நடுவே கொஞ்சம் களியும் சுண்ணாம்பும் பிணைப்பாக. அதனால்தான் அந்தப் பீடபூமியில் கோடிக்கணக்கானவர்கள் குகைவீடுகளில் வாழ்ந்தார்கள். குலுக்கினால் அதே சுவர் சரிந்துவிடும். 1556 ஜனவரியில் ஷான்சி நிலநடுக்கத்தில் 8,30,000 பேர் இறந்ததாகச் சீனப் பதிவுகள் சொல்கின்றன. பெரும்பகுதி இந்தக் குகைவீடுகளில் இருந்தவர்கள். பிணைப்பு நனைந்தாலும் இதே கதிதான். மஞ்சளாறு மஞ்சளாக ஓடுவது அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதால்தான்.

விஷயத்தை விட்டு எங்கோ போய்விட்டேன், தெரிகிறது.

ஜூலை 13

நம்ம ஊர்த் தேரியில் இதைச் செய்யலாமா? சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணலும் காற்று குவித்ததுதான். ஆனால் அது கடற்கரை மணலிலிருந்து வந்தது, லோயஸ் போல நைசான தூசு அல்ல. அதன் சிவப்பு மணலைப் பூசியிருக்கும் ஹேமடைட்டின் நிறம். சிவப்பாக இருப்பதால் காந்தம் அதிகம் என்று நினைக்க வேண்டாம், ஹேமடைட் மிக மெலிந்த காந்தம். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்து மீசை முளைக்க வைத்தோமே, அது கறுப்பு மாக்னடைட்டின் வேலை. தேரிக்கு வயது சொல்ல, மணல் கடைசியாக வெயில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அளக்கும் ஒளிர்வு முறைதான் பயன்படுகிறது. வந்த வயதுகள் எல்லாம் ப்ரூன் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. துருவம் புரண்ட எல்லையைத் தேடிப் போனால் கால்தான் சுடும்.

ஜூலை 14

10ஆம் தேதி போட்ட கணக்கில் ஓர் ஓட்டை. 26 லட்சம் ஆண்டுக்கும் ஒரே சராசரி போட்டுவிட்டேன். மஞ்சள் காலத்தில் தூசு வேகமாகக் குவியும், செம்பழுப்பில் மெதுவாக. எல்-8க்குள் ஒரு மீட்டர் என்பது 19,000 ஆண்டைவிடக் குறைவு, எஸ்-7க்குள் அதைவிட அதிகம். எல்லை ஒரு மீட்டர் கீழே நகர்ந்தது என்று சொன்னாலும் அது எந்த மண்ணைத் தாண்டி நகர்ந்தது என்பதைப் பொறுத்தே காலம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், குவியும் வேகம் காலத்துக்குக் காலம் மாறுகிறது என்பதுதான் குக்லாவின் பாயசத்துக்கே அடிப்படை. அவர் கடிகாரம் தவறு என்று எழுதிய அதே ஆள், ஐந்து நாள் கழித்து அவர் சரியாகச் சொன்ன பாதியை மறந்துவிட்டேன்.

ஜூலை 17, இரவு

காஷ்மீர்க் கதைக்கு ஒரு பின்குறிப்பு. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், திடீரென்று உறைத்தது.

நான் சாம்பிள் எடுத்தது தெற்குப் பார்த்த சுவர். பெட்டியை வடக்கு நோக்கி அழுத்தினேன். அம்பு தலைகீழானால் பெட்டி அந்த வடக்குத் தெற்கு அச்சைச் சுற்றித்தான் அரை வட்டம் திரும்புகிறது. அச்சில் கிடக்கும் வடக்கு மாறாது, கீழ் மட்டும் மேலாகும். ஆசிரியர் பிடித்தது அதைத்தான்.

அது கிழக்குப் பார்த்த சுவராக இருந்திருந்தால் அச்சு கிழக்கு மேற்கு. வடக்கு தெற்காகியிருக்கும், கீழ் மேலாகியிருக்கும். நான்கு பெட்டிகளும் அச்சு அசல் புரண்ட காந்தம்போல வந்திருக்கும். தாளில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. பெட்டிகளைக் கொண்டுவா என்று அவர் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

கிழக்குச் சுவரைத்தான் முதலில் பார்த்து வைத்திருந்தோம். காலை வெயில் முதுகில் அடிக்கிறது என்று நான்தான் இடம் மாற்றச் சொன்னேன்.